சைக்கிள் ஸ்டாண்டில் சைக்கிளுக்கு இடமில்லையாம்

நெல்லை பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். வயது நாற்பத்து நான்கு, வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறார். கடிதம் நான்கு பக்கம். கடைப் பெயர்களையும் அவருடைய சொந்த விவரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். என் மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள், அவள் காலேஜுக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகு என்னிடம் வந்துவிட்டது. நூல், லைனிங், பட்டன் வாங்க டவுனுக்கு, தைத்ததைக் கொடுக்க ஜங்ஷனுக்கு என்று எல்லாம் அதில்தான். போன வாரம் அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். வண்டி நிறுத்தக் கீழே இறங்கும்போதே வாட்ச்மேன் விசில் அடித்தார். 'சைக்கிளுக்கெல்லாம் உள்ள இடம் கிடையாது, வெளிய எங்கயாவது போட்டுட்டு வாங்க' என்றார். எனக்கு முன்னால் போன பைக்கை விட்டார், பின்னால் வந்த காரையும் விட்டார். ரோட்டில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் பூட்டிவிட்டு உள்ளே போய் 8,400 ரூபாய்க்குத் துணி எடுத்தேன். திரும்பி வந்தால் சைக்கிளைக் காணோம். கடையில் கேட்டால் 'ரோட்டுல நிக்கதுக்கு நாங்க பொறுப்பில்ல' என்கிறார்கள். ஸ்டேஷனில் 'பழைய சைக்கிளுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆரா, போங்கம்மா' என்று அனுப்பிவிட்டார்கள். இது முதல் தடவையும் இல்லை. ஒரு ஓட்டல் வாசலில் 'இது கஸ்டமர் வண்டி நிக்கிற இடம்' என்று என் சைக்கிளை எடுக்கச் சொன்னார்கள். அப்போ நான் யாரு? சாப்பிடாமலே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் பைக்குக்கு வாங்கும் காசையே என்னிடமும் வாங்கினார்கள், டோக்கன் கேட்டால் சைக்கிளுக்கு டோக்கன் கிடையாதாம். சைக்கிளில் வந்த ஒரே காரணத்துக்காக இப்படித் திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? கேஸ் போட முடியுமா?"

தங்கச்சி, அந்த "அப்போ நான் யாரு?" என்பதில் உங்கள் கேஸே அடங்கியிருக்கிறது, அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு அவசரக் காரியம். ஜவுளிக்கடை வாசலில் கேமரா இருக்கும், எதிர்க்கடையிலும் இருக்கும். அந்தப் பதிவு நிரந்தரமாக இருக்காது, சில வாரங்களில் பழையதன் மேல் புதியது ஏறிவிடும். துணி எடுத்த பில்லில் தேதியும் நேரமும் இருக்கும் அல்லவா, அதைப் பார்த்து, "இன்ன தேதி இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை உங்கள் வாசல் கேமராவில் பதிவானதை அழிக்காமல் வைத்திருக்கவும், திருட்டுப் புகாருக்குத் தேவைப்படும்" என்று கடை மேனேஜருக்கு நாலு வரி எழுதி இன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள். ரசீதையும் கடிதத்தின் நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை அப்புறம் வந்து வாசிக்கலாம், ஒன்றும் ஓடிப்போகாது.

சரி, இப்போது கசப்பான பதிலைச் சொல்லிவிடுகிறேன். தன் சொந்த இடத்தில் சைக்கிளை விடமாட்டேன் என்று சொல்ல ஒரு தனியார் கடைக்கு உரிமை இருக்கிறதா என்றால், இருக்கிறது. அரசியலமைப்பின் 15வது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு, கடை, ஓட்டல், பொழுதுபோக்கு இடம் இவற்றில் ஒரு குடிமகனைத் தடுக்கக் கூடாது என்கிறது. ஆனால் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய காரணங்களுக்காகத் தடுக்கக் கூடாது என்றுதான் அது சொல்கிறது, ஏறி வந்த வண்டி அந்தப் பட்டியலில் வராது. லாரிக்கு இடமில்லை என்று ஒருவர் சொன்னால் நாம் கோர்ட்டுக்குப் போவதில்லை. சட்டத்தின் கணக்கில் சைக்கிளுக்கு இடமில்லை என்பதும் அதே மாதிரிதான் நிற்கிறது. லாரி அடைக்கும் இடம் என்ன, சைக்கிள் அடைக்கும் இடம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், நீதிபதிக்கும் அது தோன்றும், ஆனால் அதை மட்டும் வைத்து உத்தரவு போட அவரிடம் சட்டம் இல்லை.

ஆனால் நம் சீமையில் இந்த விஷயத்தை இவ்வளவோடு விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. சில தெருக்கள் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டே கடந்து, தெரு முடிந்த பிறகு மறுபடி ஏறிப் போன பெரியவர்களை நான் என் ஆபீஸ் பெஞ்சிலேயே பார்த்திருக்கிறேன், அவர்கள் வாயால் கேட்டும் இருக்கிறேன். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ல் ஒரு திருத்தம் வந்தது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் இவர்கள் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஏறுவதையும் ஓட்டுவதையும் தடுப்பது குற்றம் என்று அதில் எழுத்தில் இருக்கிறது, செருப்புப் போடுவதையும் புதுத்துணி உடுத்துவதையும் சேர்த்து. கடைக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் அதே பிரிவில் வருகிறது. சைக்கிள் என்ற சொல்லை ஒரு தண்டனைச் சட்டத்தில் எழுத வேண்டிய அவசியம் எப்படி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் அந்த வாட்ச்மேனோ ஓட்டல்காரரோ எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்த பிறகுதான் முகம் மாறியது என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அந்தப் புகாரை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், அதை நடத்துகிற விதமே வேறு.

இன்னொரு விதிவிலக்கும் உண்டு, உங்களுக்குப் பொருந்தாது, வாசிக்கிற யாருக்காவது உதவும். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வருகிற மாற்றுத்திறனாளியை "இந்த வண்டிக்கு இடமில்லை" என்று திருப்பி அனுப்பினால், அது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வருகிற சமாச்சாரம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடியும் செய்தால் 50,000க்குக் குறையாமல் 5 லட்சம் வரை.

இப்போது உங்கள் மூன்று சம்பவங்களுக்கு வருகிறேன். நீங்கள் மூன்றையும் ஒரே கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். சட்டம் மூன்றையும் மூன்று விதமாகப் பார்க்கும். அதில் நீங்கள் சின்னதாக நினைத்து கடைசி இரண்டு வரியில் எழுதிய அந்த ஸ்டாண்டு விவகாரம்தான் இருப்பதிலேயே பலமானது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019ல் வந்தது, 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. அதில் யார் நுகர்வோர்? காசு கொடுத்தவர், அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர். ஓட்டலில் நீங்கள் ஒரு காபிகூடக் குடிக்காமல் திரும்பிவிட்டதால், "அப்போ நான் யாரு?" என்று நீங்கள் கேட்டதற்குச் சட்டத்தின் பதில், வருத்தமாகத்தான் இருக்கிறது, "யாரும் இல்லை" என்பதுதான். பசியோடு திரும்பியதற்கு நஷ்டஈடு கேட்க வழியில்லை. ஸ்டாண்டில் அப்படி இல்லை. அங்கே காசு கொடுத்தீர்கள், அவர் வாங்கினார், அந்த நிமிஷம் நீங்கள் நுகர்வோர் ஆகிவிட்டீர்கள், சைக்கிளும் அவர் பொறுப்பில் போய்விட்டது. ஒரு பொருளை நம்பி ஒப்படைத்தால் வாங்கியவர் தன் சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே, 148லிருந்து 151 வரையுள்ள பிரிவுகளில், இருக்கிறது. "வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று போர்டு மாட்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று எல்லா ஸ்டாண்டுக்காரர்களும் நினைக்கிறார்கள். 1998ல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டல் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்திய கார் திருடு போனது. ஓட்டல்காரர் இதே வாசகத்தைத்தான் டோக்கனில் அச்சடித்து வைத்திருந்தார். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், உங்கள் கவனக்குறைவால் நடந்ததற்கு அந்த வாசகம் கேடயம் ஆகாது என்று சொல்லிவிட்டது. அது மாருதி கார், உங்களுடையது அரசாங்க சைக்கிள், ஆனாலும் ஒப்படைத்த பொருள் என்கிற தர்க்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆகவே ஸ்டாண்டில் டோக்கன் தராதது அலட்சியமாகச் செய்தது என்று விட்டுவிடாதீர்கள், டோக்கன் இல்லாவிட்டால் நீங்கள் ஒப்படைத்தீர்கள் என்பதற்கே ஆதாரம் இல்லை. இனிமேல் கொடுக்காவிட்டால் போனில் சைக்கிளையும் ஸ்டாண்டுப் பலகையையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள், முடிந்தால் காசை போனிலேயே அனுப்புங்கள், அந்தப் பதிவே ரசீது. மாநகராட்சி ஏலம் விட்ட ஸ்டாண்டாக இருந்தால் எந்த வண்டிக்கு எவ்வளவு வாங்கலாம் என்று ஏல நிபந்தனையில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி அந்த நிபந்தனையின் நகலைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் காகிதத்தோடு போய் நின்றால் ஸ்டாண்டில் பேச்சு வேறு மாதிரி இருக்கும், சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஜவுளிக்கடைதான் நடுவில் மாட்டிக்கொண்ட விவகாரம். 8,400 ரூபாய் பில் இருப்பதால் நீங்கள் நுகர்வோர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் சைக்கிள் அவர்கள் கையில் ஒப்படைக்கப்படவே இல்லை, ரோட்டில் நின்றது, அதனால் டெல்லி கார் தீர்ப்பு இங்கே நேராக உதவாது. வேறு ஒரு வாதம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு வண்டி நிறுத்த இடம் தருகிறோம் என்று விளம்பரமும் செய்து, பைக்குக்கும் காருக்கும் கொடுத்துவிட்டு, காசு கொடுத்து வாங்கும் இன்னொரு வாடிக்கையாளருக்கு மட்டும் மறுத்தது சேவைக் குறைபாடு, அந்த மறுப்பால்தான் சைக்கிள் ரோட்டுக்குப் போனது, ரோட்டில் நின்றதால்தான் களவு போனது என்று. வாதாடலாம். ஜெயிக்கும் என்று நான் எழுதித் தரமாட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து "பில் போடும் முன்னாலேயே மறுத்துவிட்டோம், தெரிந்துதான் வெளியே விட்டார்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கு உங்கள் பக்கம் பதில் இருக்கிறது, ஆனால் அது நீளமான பதில், நீளமான பதிலுக்குப் பல வாய்தா ஆகும்.

முயன்று பார்க்கத்தான் போகிறேன் என்றால் செலவு பயப்படும்படி இல்லை. முதலில் 1915க்கு போன் போட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள், பல பெரிய கடைகள் அந்தக் கட்டத்திலேயே பேச வந்துவிடும். வரவில்லையென்றால் நீங்கள் வசிக்கிற மாவட்டம் என்பதால் நெல்லை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். வாங்கிய பொருள் அல்லது சேவையின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை (இதை எழுதும்போது என் ஜூனியர் என்னை முறைக்கிறான்). சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அதனால் அவசரமும் இல்லை.

அவசரம் ஸ்டேஷனில்தான். "பழைய சைக்கிளுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆரா" என்று அவர் சொன்னதில், அவர் தெரிந்து சொன்னாரோ தெரியாமல் சொன்னாரோ, ஒரு சட்டப் பொடி கலந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதன் 303வது பிரிவுதான் திருட்டு. புதுச் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடியது, போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாத வகைக்குப் போய்விட்டது, மாஜிஸ்திரேட் உத்தரவு இருந்தால்தான் விசாரிக்கலாம். இந்த நாட்டில் திருடு போகிற சைக்கிளில் பெரும்பாதி இந்தக் கோட்டுக்குக் கீழேதான் விழும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியதோ இல்லையோ, எனக்கு முதல் வாசிப்பிலேயே தோன்றியது. பைக் திருடு போனால் எஃப்.ஐ.ஆர்., சைக்கிள் திருடு போனால் "கோர்ட்டுக்குப் போங்கம்மா". ஆனால் அப்போதும் வெறுங்கையோடு உங்களை அனுப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. புகாரின் சாரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் மாஜிஸ்திரேட்டிடம் போகச் சொல்ல வேண்டும். நம் ஸ்டேஷன்களில் அதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், அதை வாங்காமல் படியிறங்காதீர்கள்.

மதிப்பு 5,000 அல்லது அதற்கு மேல் என்றால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும், நகலும் இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் அதே புகாரை மாநகரக் காவல் ஆணையருக்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் ஸ்டேஷனில் நின்று "பழைய சைக்கிள்தான் சார், ரெண்டாயிரம் பெறும்" என்று கூச்சத்தில் நாமே குறைத்துச் சொல்லிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. நீங்கள் காற்றடிக்கிற, பஞ்சர் ஒட்டுகிற கடை அண்ணாச்சியிடம் போய், இதே சைக்கிளுக்கு இன்றைக்கு என்ன மதிப்பு, நீங்கள் போட்ட புது டயர், சீட்டு, பூட்டு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இலவச சைக்கிள் என்பதால் உங்களிடம் பில் இருக்காது, ஆர்.சி. புத்தகம் என்கிற பேச்சே சைக்கிளுக்குக் கிடையாது. பள்ளியில் வழங்கியபோது உங்கள் மகள் கையெழுத்துப் போட்டிருப்பாள், தலைமையாசிரியரிடம் கேட்டால் இன்ன வருஷம் இன்ன மாணவிக்கு வழங்கினோம் என்று ஒரு சான்று தருவார். அடுத்த சைக்கிள் வாங்கினால் முதல் நாளே பெடல் அச்சுக்கு அடியிலோ சீட்டுக்குக் கீழே உள்ள குழாயிலோ கொத்தியிருக்கும் ஃபிரேம் நம்பரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷமும் இது தெரிந்திருந்தால் என்று நினைக்க வேண்டாம், எனக்கே ஒரு கேஸில் மாட்டிய பிறகுதான் தெரியும்.

சட்டம் இத்தோடு போதும். எதனால் விரட்டுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் பேசுவோம், ஏனென்றால் அங்கேதான் உங்களுக்கு வேலை நடக்கும் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் பைக் நிறுத்துகிற இடத்துக்கு இன்றைக்கும் சைக்கிள் ஸ்டாண்டு என்றுதான் பெயர். ஜங்ஷனில் புல்லட்டில் வந்து ரயிலேறுகிறவரும் "சைக்கிள் ஸ்டாண்டுல போட்டுட்டு வாரேன்" என்றுதான் வீட்டுக்கு போன் பண்ணுகிறார். விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஷிப்டு விடுகிற நேரத்தில் ரோடு முழுக்க சைக்கிளாக வந்து, பஸ் டிரைவர் ஹாரன் அடித்து அலுத்து இன்ஜினை அணைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்ததை நான் சின்னப் பையனாக ஜன்னல் சீட்டில் இருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எந்தக் கடைக்காரர் சைக்கிளை வேண்டாம் என்றிருப்பார்? தியேட்டரில் ஒரே எண் போட்ட இரண்டு தகர வில்லை இருக்கும், ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு இன்னொன்றை நம் கையில் தருவான். படம் விட்டு வந்தால் இருட்டில் ஐந்நூறு சைக்கிளுக்கு நடுவில் நம்முடையதை அந்த வில்லைதான் கண்டுபிடித்துத் தரும்.

இப்போது ஸ்டாண்டுக்காரர் டோக்கனில் என்ன எழுதுகிறார்? வண்டி நம்பர். டி.என். 72 என்று ஆரம்பிக்கிற அந்த நம்பர் இல்லாத வண்டியை அவருடைய சீட்டுப் புத்தகத்தில் எழுதக் கட்டமே இல்லை. சைக்கிளுக்கு டோக்கன் கிடையாது என்று உங்களிடம் சொன்னானே, அவனைப் பொறுத்தவரை அது கொழுப்பில் சொன்னதாக இருக்காது, எதை எழுதுவது என்று தெரியாமல் சொன்னதாகவே இருக்கும். அப்புறம் காசு. ஸ்டாண்டை ஏலம் எடுத்தவருக்கு சதுர அடிதான் கணக்கு. சைக்கிளுக்குப் பைக்கில் பாதி வாங்க வேண்டும், இடமோ ஏறக்குறைய அதே அளவு அடைக்கும், சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்தது காற்றடித்தால் விழும், விழுந்தால் பக்கத்துப் பைக்கில் கீறல், கீறலுக்குச் சண்டை. ஆடி மாசக் காற்றில் பத்து சைக்கிள் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாகச் சாய்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெரிய கடைகளில் இதோடு இன்னொன்றும் சேரும், அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வாசலில் கார் நின்றால் கடைக்குக் களை, சைக்கிள் நின்றால் இல்லை என்று ஒரு நினைப்பு.

எல்லாமே அவமானப்படுத்தத்தான் செய்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. போன வருஷம் சேரன்மகாதேவியிலிருந்து ஒருவர், பெட்ரோல் பங்கில் எல்லா வண்டிக்கும் இலவசமாகக் காற்றுப் பிடிக்கிறார்கள், என் சைக்கிளுக்கு மாட்டேன் என்கிறார்கள், நோட்டீஸ் விடலாமா என்று கேட்டார். நம் சாதாரண சைக்கிளில் இருப்பது பழைய வகை வால்வு, உள்ளே மெல்லிய ரப்பர் குழாய் மாட்டியது. பங்கில் இருக்கிற வாய் பைக், கார் வால்வுக்குச் செய்தது, இதில் உட்காராது. நோட்டீஸ் விடாமல் சைக்கிள் கடையில் ஒரு இணைப்பு வாங்கி மாட்டிக்கொள்ளச் சொன்னேன்.

அதனால் ஜவுளிக்கடை விஷயத்தில் கேஸை இரண்டாவதாக வைத்துக்கொண்டு, முதலில் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்பேன். மேனேஜருக்கு வேண்டாம், முதலாளிக்கு. வாட்ச்மேனிடம் சண்டை பிடிப்பதில் பிரயோஜனமே இல்லை. நான் ஜூனியராக இருந்த காலத்தில் பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் சீனியர் வீட்டு விசேஷம். சீனியர் காரில் முன்னால் போய்விட்டார், நான் கறுப்பு கோட்டைக் கேரியரில் மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளில் போனேன், வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கத்திப் பார்த்தேன், அசையவில்லை. பின்பக்கமாகச் சுற்றிப் போனால் சமையல்கட்டுச் சுவரோரம் நாலு சைக்கிள் நிற்கிறது, அதில் ஒன்றில் அந்த வாட்ச்மேனின் சாப்பாட்டுத் தூக்கு தொங்குகிறது. அவரும் பாவம், தன் வண்டியையே முன்வாசலில் விட முடியாதவர்.

கடிதம் இப்படி இருக்கலாம்: "நான் உங்கள் கடையில் இன்ன தேதி, இன்ன பில் எண்ணில் 8,400 ரூபாய்க்குத் துணி எடுத்தவள். உங்கள் பார்க்கிங்கில் என் சைக்கிளை அனுமதிக்காததால் ரோட்டில் நிறுத்தினேன், திருடு போய்விட்டது. என் இழப்பை ஈடு செய்யக் கேட்கிறேன். இனி சைக்கிளில் வருகிறவர்களுக்கு ஒரு கார் நிற்கும் இடத்தை ஒதுக்குங்கள், அதில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்கும். சாய்த்துப் பூட்ட ஒரு இரும்புக் குழாய், ஒரே எண் போட்ட இரண்டு வில்லை போதும். 15 நாளில் பதில் தரவும்." கோபமாக ஒரு சொல் வேண்டாம். பில் நகலையும் சி.எஸ்.ஆர். நகலையும் சேர்த்து அனுப்புங்கள். ஜவுளி வியாபாரம் பண்ணுகிற அண்ணாச்சிகளுக்கு ஒரு கல்யாண வீட்டுக்காரி கைவிட்டுப் போவதன் அருமை தெரியும். அண்ணன் மகள் கல்யாணம் முடிந்தால் உங்கள் மகள் கல்யாணம் வரும், நீங்கள் தையல்காரர் வேறு, எந்தக் கடையில் எடுத்தால் சாயம் போகாது என்று உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் பத்து வீடு துணி எடுக்கும். இதைக் கடிதத்தில் எழுத வேண்டாம், நேரில் பேசக் கூப்பிட்டால் பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். பதில் வராவிட்டாலும் நஷ்டமில்லை, அந்தக் கடிதம் ஆணையத்தில் உங்கள் முதல் ஆவணம்.

இன்னும் ஒன்று பாக்கி. ஓட்டல் வாசலில் நீங்கள் நிறுத்திய இடம் அவர்களுடைய பட்டா இடமா, ரோடா? கயிறு கட்டி, "கஸ்டமர் பார்க்கிங்" என்று தகரப் பலகை வைத்துப் பொது ரோட்டைத் தன்னுடையதாக்கிக்கொள்வது டவுனில் ரத வீதிகள் தொடங்கி எல்லா இடத்திலும் நடக்கிறது. ரோடாக இருந்தால் உங்களை எடுக்கச் சொல்ல அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை, கயிற்றைத்தான் எடுக்க வேண்டும். போட்டோவோடு மாநகராட்சிக்கு ஒரு மனு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள், 1100க்கும் சொல்லலாம். அதே போல ஜவுளிக்கடைக் கட்டடத்துக்கு ஒப்புதல் வாங்கிய வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பார்க்கிங் என்று காட்டி அனுமதி வாங்கிய இடத்தில் பாதியைத் துணி கோடவுனாக்கி வைத்திருப்பது அதிசயமில்லை, அப்படி இருந்தால் சைக்கிளுக்கு இடமில்லை என்று அவர்கள் சொன்னதன் அர்த்தமே மாறிவிடும்.

கேமராக் கடிதத்தின் நகல், பில், சைக்கிள் கடை அண்ணாச்சி எழுதித் தந்த தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் ஆபீஸுக்கு வாருங்கள், ஸ்டேஷனுக்கு என் ஜூனியரைக் கூட அனுப்புகிறேன். அதற்குள் வேறு சைக்கிள் ஏற்பாடாகியிருந்தால் அதிலேயே வாருங்கள். மாடிப்படிக்கு அடியில் இடம் இருக்கிறது, என்னுடையதும் அங்கேதான் நிற்கிறது, கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு மேலே வாருங்கள்.